ஆறு பேரில் ஆறு பேர்

கணினி ஆட்டப் போட்டி நடுவர்களின் கடிதம் வந்து பத்தொன்பது நாட்கள் ஆகியும் லக்ஷன் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து எடுக்கவில்லை. அவனுடைய அம்மா இந்திராதேவி பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது ஒருமுறை படபடத்து அடங்கும். கடிதம் பிரெஞ்சில் இருந்தது. பார்கவிக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் லக்ஷன் அதை வாசித்துச் சொன்ன நாளிலிருந்து நடுப்பத்தி அவளுக்கு மனப்பாடம். நடுவர்கள் நாங்கள் மூவரும் தனித்தனியே நாற்பது நிமிடம் விளையாடினோம். இரண்டாவது அறையிலிருந்து வெளியேற வழி கிடைக்கவில்லை. குறுந்தகடு பழுதாகியிருக்கலாம்.

அந்தக் கடைசி வரியை லக்ஷன் பிடித்துக்கொண்டான். குறுந்தகட்டைப் பதிவு செய்து, மெட்ரோவில் போய் நடுவர்களின் அலுவலகத்தில் கையோடு கொடுத்துவிட்டு வந்தவன் நிர்மல்.

பிரெஞ்சு பேசும் அந்த ஊரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த இந்த வீட்டின் பின்னறையில்தான் மூன்று பேரும் பதினோரு மாதம் அந்த ஆட்டத்தைச் செய்தார்கள். நிரலும் படங்களும் லக்ஷனுடையவை. ஒலி, சென்னையிலிருந்து படிக்க வந்த நிர்மலுடையது. இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த பார்கவிக்கு, ஆட்களை விளையாட வைத்துக் குறிப்பெடுக்கும் வேலை. ஆட்டத்தில் பனிப்புயலுக்கு ஒதுங்கிய ஒருவன் ஆளில்லாத வீட்டுக்குள் போகிறான். கையில் ஒரு விளக்கு. இரண்டாவது அறைக்குள் நுழைந்ததும் வந்த கதவு மறைந்துவிடும். நான்கு பக்கமும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடும் சத்தம். விளக்கை அணைத்தால் மட்டும் ஒரு சுவரின் அடியில் நூல் மாதிரி வெளிச்சம் தெரியும். அங்கேதான் அடுத்த கதவு.

"பயந்த மனிசன் தானா வெளிச்சத்தை விடவேணும். அதிலைதான் விளையாட்டே இருக்கு" என்பான் லக்ஷன்.

"பயந்தவன் எவன்டா லைட்டை அணைப்பான்?" என்று நிர்மல் சிரித்தான். "உனக்கு வழி தெரியும். ஆடறவனுக்குத் தெரியாதுல்ல? சின்னதா ஒரு சத்தம் வைக்கறேன். அந்தச் சுவர்கிட்ட போனா சுடர் படபடன்னு அடிச்சுக்கட்டும், காத்து வர்ற மாதிரி. அது போதும்."

"எல்லாத்தையும் நாங்களே ஊட்டிவிட்டா அவனுக்கு என்ன பயம்?"

இரண்டு வாரம் இது ஓடியது. கடைசியில், விளையாடிப் பார்ப்பவர்கள் முடிவு சொல்லட்டும் என்று விட்டார்கள். பார்கவிக்கு லக்ஷன் ஒரே ஒரு விதிதான் சொன்னான். "நீர் பின்னாலை இருந்து நேரத்தை மட்டும் எழுதும். அவை தலைகீழா நிண்டாலும் வாய் திறக்கக் கூடாது." பார்கவியைப் போல வாய் திறக்காத ஆள் இந்த ஊரிலேயே கிடையாது என்று நிர்மல் கேலி செய்தான். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

முதலில் வந்தவர் மேல்மாடியில் இருந்த பிலோமினம்மா. வேறு ஆள் கிடைக்காமல் இந்திராதேவி கூட்டிவந்திருந்தார். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை முடிந்து, குளிர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். மவுஸை வலிக்காமல் பிடிக்க வேண்டும் என்பதுபோல இரண்டு விரலால் பிடித்தார். முதல் அறையைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். இரண்டாவது அறையில் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. நான் படிக்காதவள். உங்கடை வேலையைக் கெடுக்கிறன் போலை, குறை நினையாதையும்" என்றார். பார்கவி நோட்டைப் பார்த்தாள். மறுபடி திரும்பி, அதே மன்னிப்பு. மூன்றாம் முறை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, காதருகில், "விளக்கை அணைச்சுப் பாருங்க ஆன்ட்டி" என்றாள்.

கதவு தெரிந்ததும் பிலோமினம்மா கைதட்டிய சத்தம் கேட்டு லக்ஷன் சமையலறையிலிருந்து ஓடிவந்தான். "கண்டுபிடிச்சிட்டாவோ!" பார்கவி தலையாட்டினாள்.

ஆய்வகத்தில் அவள் ஒரு தசமத்தைக்கூட மாற்றி எழுதியவள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அடுத்து நடந்தது அவளுக்குச் சரியாகவே பட்டது. ஒருவருக்குச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லாவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். ஆகவே மீதி ஐந்து பேருக்கும், அதே இடத்தில், அதே மூன்று வார்த்தைகளைச் சொன்னாள். அட்டவணையில் பெயர், நேரம், முடிவு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. உதவி என்று ஒரு கட்டம் இல்லை. கோடு போட்டவள் அவள்தான். அடியில் "ஆறு பேரில் ஆறு பேர்" என்று எழுதிக் கொடுத்தாள்.

நிர்மல் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான். "அப்போ என் காது தப்பு" என்று சொல்லி, சுடர்ச் சத்தத்தை வைக்காமலே விட்டான். லக்ஷன் விடவில்லை. மவுஸ் பிடிக்கத் தெரியாத பிலோமினம்மாவுக்கு விளங்கினது உனக்கு விளங்கேல்லை என்று ஒரு வாரம் குத்திக் குத்தியே பேசினான். குறுந்தகட்டைக் கொடுத்துவிட்டு வந்ததோடு நிர்மல் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அது போன மாதம். இன்று செவ்வாய்க்கிழமை. நிர்மல் ஒரு பெரிய ஆட்டக் கம்பெனியில் ஒலி வேலைக்கு விண்ணப்பித்து, விசாரிக்க லக்ஷனின் பெயரைக் கொடுத்திருந்தான். அங்கிருந்து வந்த அழைப்பு தொலைபேசியில் பதிவாகியிருந்தது. மூன்று மணிக்குள் பேசச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் ஏப்ரலோடு அவன் விசா முடிகிறது. பார்கவிக்கு அது தெரியும். லக்ஷனுக்கும் தெரியும்.

"உள்ளதைச் சொல்லப்போறன்" என்றான் லக்ஷன். "கோவத்திலை தகட்டைப் பழுதாக்கிக் குடுத்தவன். நம்பேலாது எண்டு."

"அவன் நல்ல பெடியன்" என்றார் இந்திராதேவி, தேநீரை மேசையில் வைத்தபடி. "என்ரை கையாலை எத்தனை நாள் புட்டுத் திண்டவன்."

"புட்டுத் திண்டவன் எல்லாம் நல்லவனோ அம்மா?"

"பிள்ளை, நீராவது சொல்லும் இவனுக்கு."

பார்கவி தேநீர்க் கோப்பையைத் தொட்டாள். சுட்டது. கையை எடுக்கவில்லை.

"அவ என்ன சொல்லுறது? அவ எழுதித் தந்த தாள் இஞ்சை கிடக்கு. ஆறு பேர். பிலோமினம்மா நாலு நிமிசத்திலை வெளியிலை வந்தவா. மூண்டு நடுவர் நாற்பது நிமிசம் நிண்டவையாம். தகடு பழுதில்லாமல் வேறை என்ன?"

அவன் கணினியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது நாட்களாக அவன் அதே இரண்டாவது அறையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் மஞ்சள் வெளிச்சம். நான்கு சுவர். நிர்மல் தன் மூச்சையே பதிவு செய்து வைத்திருந்த அந்தச் சத்தம், ஒலிபெருக்கியில் மெதுவாக வந்து போனது. லக்ஷன் எண்களை அழுத்தினான். மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. சன்னலுக்கு வெளியே இரும்பு மாடிப்படியில் உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்துபோய் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினாள். திரை இருண்டது. சுவரடியில் நூல் மாதிரி அந்த வெளிச்சம்.

"என்ன செய்யிறீர்?"

தொலைபேசியில் ஒரு பெண் குரல், "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னது.

"ஆறு பேருக்கும் நான்தான் சொன்னேன், லக்ஷன்" என்றாள் பார்கவி. "விளக்கை அணைச்சுப் பாருங்கன்னு."