காட்டாத கை

அணியில் அவனைக் ‘குடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சைக்கிள் பந்தயத்தில் பின்னால் வரும் அணிக் காருக்குப் போய், தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, வயிறு புடைக்க மறுபடி முன்னால் ஏறி வந்து எல்லோருக்கும் விநியோகிக்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

மலைப்பாதைகளில் பல நாள் நடக்கிற பந்தயம் அது. தினம் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யார் குறைந்த நேரம் எடுத்தாரோ அவருக்குக் கோப்பை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தனி ஆள் போட்டி போலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு கதை. ஒவ்வோர் அணியிலும் ஒருவர்தான் பல்லக்கில் உட்காருவார், மற்றவர்கள் எல்லாம் தூக்குவார்கள். அவருக்கு எதிர்க்காற்று படாமல் மறைத்துக்கொண்டு முன்னால் போவது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது, எல்லாம் தூக்குகிறவர்கள் வேலை.

குடத்தின் அணியில் பல்லக்கில் இருந்தவர் அவனுடைய சொந்த அத்தான், அக்காவின் கணவர். வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருடத்தோடு மூட்டை கட்டிவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தார். இத்தனை வருட ஓட்டத்தில் ஒரு பெரிய பந்தயம்கூட அவர் கைக்கு வந்ததில்லை. கை நழுவிப் போனவை ஏராளம். இந்த முறைதான் அதிர்ஷ்டம் கொஞ்சம் கண் திறந்தது. மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான ஆரஞ்சு ஜெர்சி சில நாட்களாக அவர் உடம்பில்தான் இருந்தது. இன்னும் இரண்டு மலைநாட்களைத் தாண்டிவிட்டால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தத் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவன் சாலையைப் பார்ப்பான், பின்னால் வருகிறவன் அவன் முதுகைப் பார்ப்பான். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆகவே பின்னவனுக்குச் சாலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. குழியோ கல்லோ கண்ணாடித் துண்டோ வந்தால், முன்னவன் கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, எந்தப் பக்கம் என்று விரலால் காட்டவேண்டும். பின்னால் வருகிறவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் காட்டியாகவேண்டும். காட்டாதவனை யாரும் அடிக்கப் போவதில்லை. அவன் பின்னால் யாரும் ஓட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

குடம் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகப்படி. காய்ந்த இலை கிடந்தாலும் கை காட்டுவான், நிழல் விழுந்தாலும் கை காட்டுவான். அத்தானுக்கு ஒரு கீறல் விழுந்தால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் தான்தான் என்று அவனாகவே பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலை அணிப் பேருந்தில் எல்லோரும் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் முகம் கடுகடுவென்று இருந்தது. முதலிடத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது, பசி எடுக்காது, பக்கத்தில் இருப்பவன் மூச்சு விட்டாலும் பிடிக்காது. வந்த எரிச்சலையெல்லாம் அவர் குடத்தின் மேல் கொட்டினார்.

“நீ சைக்கிள் ஓட்ட வந்தியா, டிராஃபிக் போலீஸ் வேலைக்கு வந்தியா? நேத்து பூரா கைய ஆட்டிக்கிட்டே வர்ற. ஒவ்வொரு தடவையும் நான் பிரேக்கைத் தொட வேண்டியிருக்கு. ஒழுங்கா ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லேன்னா பின்னால போய்த் தண்ணி தூக்கு.”

பேருந்து முழுக்கச் சிரித்தது. மெக்கானிக் விரலை வாயில் வைத்து விசில் அடித்துப் போக்குவரத்தை நிறுத்திக் காட்டினார். குடமும் சிரித்தான், சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம். வீட்டுக்குள் திட்டியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். நாலு பேர் முன்னால் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. வருடக் கணக்காக யாருக்காக எதிர்க்காற்றை முகத்தில் வாங்குகிறேன், யாருக்காக நாய் மாதிரி மூச்சு வாங்குகிறேன் என்று மலை ஏறும்போதெல்லாம் மனதுக்குள் பொருமிக்கொண்டே போனான்.

உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. மதியம் பெய்த மழையில் பாதை ஓரங்கள் ஈரமாக இருந்தன. குடம் முன்னால், அத்தான் அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னால். ஒரு நேர் சாலை வந்தது. பக்கத்துப் பாறைச் சரிவிலிருந்து உதிர்ந்த சரளைக்கல் சாலை நடுவே சிதறிக் கிடந்ததைக் குடம் தூரத்திலேயே பார்த்துவிட்டான். நன்றாகவே பார்த்தான். கை தானாகவே கைப்பிடியை விட்டுக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து மனதுக்குள் ஒன்று எகத்தாளமாகச் சொன்னது: ‘எதுக்கு? நாமதான் டிராஃபிக் போலீஸாச்சே.’ கிளம்பிய கை மறுபடி கைப்பிடிக்கே போய்விட்டது. தான் மட்டும் நாசூக்காக இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டான்.

அத்தான் விழவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அவனுக்குப் பரிந்துகொண்டு இதைச் சொல்லவில்லை, உண்மை அதுதான். சக்கரம் கொஞ்சம் தடதடக்கட்டும், மனிதருக்கு ஒரு கணம் ஈரக்குலை நடுங்கட்டும், அப்போதாவது நம் கையின் அருமை தெரியட்டும் என்பதுதான் அவன் போட்ட கணக்கு. கணக்கு எங்கே தப்பியது என்று யோசிப்பதற்குள் பின்னால் இரும்பு சாலையில் உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். அத்தான் சாலை ஓரக் கம்பித் தடுப்பின் அடியில் கிடந்தார். ஆரஞ்சு ஜெர்சி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மற்ற அணிக்காரர்கள் சர் சர்ரென்று தாண்டிப் போனார்கள். காதில் மாட்டியிருந்த ரேடியோவில் அணி மேனேஜர் கத்தினார்.

“நீ கிளம்பு! டாக்டர் வந்துட்டு இருக்கார், நேரம் போகுது, கிளம்புடா!”

அவன் நகரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் வந்த கேமராக்காரர் அத்தனையையும் படம் பிடித்தார்.

அப்புறம் நடந்த கூத்துதான் தாங்கமுடியாதது. அவன் கடைசி ஆளாக ஊர் எல்லைக்குள் வந்தபோது ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றைய நாளில் நல்ல மனதோடு நடந்துகொண்ட வீரருக்கு ஒரு பூங்கொத்து தருவது அந்தப் பந்தயத்தில் வழக்கம். அது அவனுக்கு என்று முடிவாகியிருந்தது.

“சார், எனக்கு வேணாம் சார்.”

“அடம் பிடிக்கற நேரமா இது? டிவிக்காரங்க நிக்கறாங்க. போய் வாங்கிட்டு வா,” என்று மேனேஜர் முதுகில் கை வைத்து மேடைக்குத் தள்ளிவிட்டார்.

‘வெற்றியைவிட உறவைப் பெரிதாக நினைத்த வீரர்’ என்று ஒலிபெருக்கி முழங்கியது. முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. துக்கத்தில்தான் அப்படி நிற்கிறான் என்று எண்ணி ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் மேனேஜரே அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் குப்பைத் தொட்டியைப் பார்த்ததும் பூங்கொத்தை அதற்குள் போடப் போனான். அக்கா பார்த்துவிட்டாள். அவள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். கையில் பயணப் பை, கண்கள் வீங்கி இருந்தன.

“பைத்தியமா உனக்கு? குடு இங்க. அவர் பக்கத்துல வைக்கறேன்,” என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “டிவியில பார்த்தேன்டா. திரும்பத் திரும்ப அதையேதான் போட்டாங்க. எனக்குக் கை கால் ஓடல. ஆனா நீ அவரை மடியில வச்சிட்டு உக்காந்திருந்தியா, அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

அவள் கை அவன் முதுகைத் தடவத் தடவ, அந்த இடமெல்லாம் எரிந்தது. காறை எலும்பும் இடுப்பும் உடைந்திருக்கின்றன, நடக்கலாம், ஆனால் பந்தயம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று டாக்டர் போனிலேயே அவளிடம் சொல்லிவிட்டாராம். அக்கா மேலே போய் அவர் பக்கத்தில் பூங்கொத்தை வைத்துவிட்டு, தேநீர் வாங்கிவரப் படியிறங்கியதும் அவன் அறைக்குள் போனான்.

அத்தான் மல்லாந்து கிடந்தார். அவனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

“வா மாப்ளே. பரிசெல்லாம் வாங்கிட்டியாமே? நான் ஒருத்தன் விழுந்தாதான் உனக்கு விடியும்போல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “காலையில பஸ்ஸுல கத்திட்டேன். மனசுல வச்சுக்காத. டென்ஷன்ல என்ன பேசறோம்னே தெரியல.”

அவர் திட்டியிருந்தால் தப்பித்திருப்பான். மன்னிப்புக் கேட்டதுதான் அவனை உடைத்தது.

“அத்தான், அந்தக் கல்லை நான் பார்த்தேன்.”

“எந்தக் கல்லை?”

“நீங்க விழுந்த இடத்துல. பார்த்தேன். கை காட்டல.”

“உளறாத. அந்த வேகத்துல பார்த்திருந்தாலும் கையை எடுக்க முடியாது. ரெண்டு கையும் பிரேக்குல இருந்திருக்கும்.”

“இல்ல அத்தான். நேர் ரோடு. பிரேக் பிடிக்கல.”

“சரி, கடைசி நேரத்துல பார்த்திருப்ப. எனக்கே அப்படி நடந்திருக்கு.”

“தூரத்துலயே பார்த்துட்டேன். கையைக்கூட எடுத்துட்டேன். எடுத்துட்டுத் திரும்ப வச்சுட்டேன்.”

தப்பிக்க இரண்டு வழிகளை அந்த மனிதர் படுத்துக்கொண்டே திறந்துவிட்டார். இரண்டையும் இவனே இழுத்து மூடினான். அத்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுல சொன்னதுக்கா?”

அவன் தலையாட்டினான்.

அத்தான் குரலில் கோபமே இல்லை.

“ஆம்புலன்ஸ்ல போறப்போ நான் யாரையும் திட்டலடா. மலைன்னா அப்படித்தான், மழை பெய்ஞ்சா கல்லு விழும், எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். வலியில உயிர் போச்சு, ஆனா மனசு அமைதியா இருந்துச்சு. சாகற வரைக்கும் அப்படியே நெனச்சுட்டு இருந்திருப்பேன்.”

“சொல்லாம இருக்க முடியல அத்தான்.”

“உன்னால முடியல. அதனால என் தலையில ஏத்திட்ட.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லிட்டியே, இப்ப லேசா இருக்கா?”

“இல்ல.”

“எனக்கு இருந்ததும் போச்சு.”

அவர் கையைத் தொடலாமா என்று குடம் நினைத்தான். அந்தத் தைரியம் வரவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அத்தானால் கையைத் தூக்க முடியாது.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அக்கா தேநீரோடு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? என்ன ஆச்சு?”

அக்காவிடமும் சொல்லிவிடுவோம், எல்லாம் ஒரே அடியாக முடியட்டும் என்று குடம் வாயைத் திறந்தான். அத்தான் முந்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல. கல்லு கிடந்ததைப் பார்க்காம விட்டுட்டேனேன்னு புலம்பறான்.”

“இதுக்குப் போயா அழற?” அக்கா தேநீரை வைத்துவிட்டு வந்து அவன் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு கணவரைப் பார்த்து, “நல்லா எடுத்துச் சொல்லுங்க இவனுக்கு. கண்ணுல பட்டிருந்தா என் தம்பி உங்களை விழ விட்டிருப்பானா?” என்று கேட்டாள்.

“அதானே,” என்றார் அத்தான், சுவரைப் பார்த்தபடி.