சூளைக்குள்ள வளைகாப்பு வளையல்

சாணார்பட்டித் தோப்புல, சுத்திப்பாக்க வர்ற வெளியூர்க்காரங்களுக்குக் கண்ணாடிய உருக்கிப் பொருள் செய்யக் கத்துக்குடுத்தாங்க. ஜீவிதாவும் அதுல சேந்துக்கிட்டா. அக்கா மணிமேகலையோட வளைகாப்பு வளையல் ஒண்ண ஜீவிதா கைதவறி ஒடச்சிருந்தா. அந்தத் துண்டுகளத் அங்க தான் செஞ்ச கண்ணாடிச் சில்லு மேல வச்சு, உருகி ஒட்டிக்கிரும்னு யாருக்கும் தெரியாம சூளைக்குள்ள அனுப்பிட்டா. கெளம்பையில, கத்துக்குடுத்த ஜெரோம் அண்ணன் சொன்னாரு: "வேற வேற கண்ணாடியச் சேத்து வச்சா ஆறுறப்ப வெடிச்சிரும். காலையிலதான் சூளையத் தெறக்கலாம்."

ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரல. வளையல் வெடிச்சா அக்கா வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயம். பொறுக்கமாட்டாம அக்காவ எழுப்பி, எல்லாத்தையும் சொல்லி அழுதா.

"இதுக்காடி இம்புட்டு அழுக?" மணிமேகலை மெதுவாச் சொன்னா. "பாத்திரம் வெளக்கையில நானே மூணு ஒடச்சிட்டேன். அம்மா வையும்னு குப்பையில போட்டு மூடிட்டேன்."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?"

"நீ வேற. என்னையத் தூங்கவிடாம உள்ள உருண்டுக்கிட்டுத்தான் கெடக்கு. காலையில நானும் வாரேன், வெடிச்சிருந்தா சேந்து பொறுக்குவோம். இப்பப் பேசாம படு. அம்மா முழிச்சா ரெண்டு பேருக்கும் வசவுதான்."