இரண்டு பாகம் விட்டு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி சொன்னது. புயலுக்கு முன்னால் படகைக் கயிற்றால் கட்டிவைத்த கதை. முடிவைச் சொல்வதற்குள் புதுப்பட்டினம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவருக்கு ரூத் என்ற பெயர் மட்டும் நான் வைத்தது.

2

வானம் கறுத்துத் திரண்டு, கடல் சீறி

(வேண்டாம். புயலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கயிற்றைப் பற்றித்தான் பேசினார்.)

ரூத் படாளத்துப் பெண். பிறந்த வீட்டில் எல்லோருக்கும் வயல் வேலை. புதுப்பட்டினம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கணவன் ஏசுதாஸ் கால் முறிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இருப்பது ஒரே ஒரு ஃபைபர் படகு. அது போனால் வீட்டில் உலை ஏறாது. மறுநாள் விடியும்போது புயல் கரையேறும் என்கிறார்கள். அவன் போனில் சொன்னான்: "உப்பங்கழியில நிறுத்தி கரையில கீற பூவரசுல கட்டு. ரெண்டு பாகம் வுட்டுக் கட்டு. மறந்துடாத."

ரூத் மறக்கவில்லை. கயிற்றைச் சமமாக மூன்றாக மடித்தாள். இரண்டு பாகத்தைச் சுருட்டிப் படகுக்குள் வைத்தாள். மிச்சமிருந்த ஒரு பாகத்தால், படகின் மூக்கு மரத்தை உரசும்படி இறுக்கிக் கட்டினாள்.

களத்து மேட்டில் நெல்லைப் பாகம் பிரித்த குடும்பம். அவளுக்குத் தெரிந்த பாகம் அதுதான். கடற்கரையில் பாகம் என்றால் விரித்த இரண்டு கைகளின் நீளம். தண்ணீர் ஏறும்போது கூடவே எழும்ப இடமில்லாத படகு, கட்டிய இடத்திலேயே மூழ்கிப்போகும்.

3

முதல் வரைவில், பக்கத்துப் படகுக்காரர் முனீர் இதைப் பார்க்கிறார். அவள் சாப்பிடப் போன நேரத்தில் முடிச்சை அவிழ்த்து, நீளம் விட்டுக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போகிறார். ஆண்டவன் மட்டுமே பார்த்த உதவி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதையை அங்கேயே முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

ஆனால் ரூத் திரும்பி வந்தாள். தொங்கும் கயிற்றைப் பார்த்தாள். எவனோ படகைக் கிளப்பப் பார்க்கிறான் என்று நினைத்து, முன்னைவிட இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். என் நல்ல முடிவு அதோடு போயிற்று.

(பேசாமல் செய்யும் உதவியில் கொஞ்சம் கர்வமும் கலந்திருக்கும் போல.)

4

ஆகவே முனீர் பேச வேண்டியதாயிற்று.

"எவன்டா அது, என் கயித்த அவுத்தது?"

"நான்தான் தங்கச்சி."

"பாய், நீயா? அவுரு ஆஸ்பத்திரில கீறாரு. நீ இன்னாத்துக்கு இந்த வேல பண்ற?"

"உன் வூட்டுக்காரன் எவ்ளோ வுடச் சொன்னான்?"

"ரெண்டு பாகம். தோ, சுருட்டி வச்சிகிறேன் பாரு."

முனீர் சுருளைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு கைகளையும் அகல விரித்தார். "இதான்மா ஒரு பாகம். நானும் இப்டித்தான். துணிக்கட வச்சிருந்த ஆளு. மொதோ புயலுக்கு ரெண்டு மீட்டர் வுட்டுக் கட்னேன். என் படகு முழுகிட்ச்சி."

"அப்ப நீயும் மக்குதானா பாய்?"

"உன்னவிட பெரிய மக்கு."

(அவர் படகு உண்மையிலேயே மூழ்கியதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.)

ரூத் தன் கைகளை விரித்து இரண்டு முறை அளந்தாள். கயிறு நீண்டால் காற்றில் அவள் படகு அவர் படகின்மேல் மோதும். அது தெரிந்தே அவர், தம் படகின் மறுபக்கத்தில் மோதல் தாங்கக் கட்டியிருந்த பழைய டயர்களையும் கழற்றி வந்து இரண்டு படகுக்கும் நடுவில் தொங்கவிட்டார்.

5

மறுநாள் காற்று அடங்கியதும் ரூத் கழிக்கு ஓடுகிறாள். பூவரச மரம் நிற்கிறது. கயிறு

(இதற்கு மேல் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே இறுக்கமாக இருந்தன.)

பேருந்தில் அவர் சிரித்ததை நினைத்துக்கொள்கிறேன். படகை இழந்தவரால் அப்படிச் சிரிக்க முடியுமா? முனீரை நினைத்தால், முடியும் என்றே தோன்றுகிறது.

அதனால் கடைசி இரண்டு பாகத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். உங்கள் கைகளை விரித்து அளந்துகொள்ளுங்கள்.