கதவை மறைத்து உட்கார்ந்திருப்பவன்

'கணினி அறை. ஐந்து டெலிடைப் பொறிகள். நான்கு காலி. ஐந்தாவதில் பழுப்புக் கார்டுராய் கோட்டு போட்ட ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் கடிக்காத முட்டை சாண்ட்விச். அவனுடைய நாற்காலி ஒரு கதவை மறைத்திருக்கிறது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.'

லைல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். காலை பத்தரை மணி. அமெரிக்காவின் ஏரித் துறைமுகமான துலூத் நகரின் மேட்டில், மூன்றாம் மாடியில், குளிருக்கு எல்லா ஜன்னல்களையும் சாத்திவைத்த வீடு. மாவட்டச் சாலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டிருந்தார். அறை முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு பெரிய கணினிகள் நின்ற காலத்தில், அவற்றில் மாணவர்கள் எழுதிவைத்த எழுத்து விளையாட்டுகளை வரிசையாக ஒவ்வொன்றாக ஆடி முடிப்பது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'குகைவாசலில் நிற்கிறாய்' என்று கணினி சொல்லும். 'உள்ளே போ' என்று நாம் தட்ட வேண்டும். ஆடியதையெல்லாம் இணையத்தில் எழுதினார். பதினொரு பேர் படித்தார்கள். இதுவரை நாற்பத்தொரு விளையாட்டுகள். யாரிடமும் ஒரு துப்பும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டாவது அவர் படித்த கல்லூரியிலேயே எழுதப்பட்டது. பழைய காந்த நாடா ஒன்றிலிருந்து மீட்டதாகச் சொல்லி வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். 1978, எழுதியவர் எம்.டி. என்று மட்டும் இருந்தது. கல்லூரியின் நிலவறைகளில் பொக்கிஷம் தேடும் ஆட்டம். கொதிகலன் அறையையும், நூலகத்துக்குப் போகும் சுரங்கவழியையும் அவர் சிரித்துக்கொண்டே கடந்து வந்தார். கல்லூரியில் தான் போட்டிருந்த அதே பழுப்புக் கோட்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

'அவனோடு பேசு' என்று தட்டினார்.

'அவன் பதில் சொல்லவில்லை. எப்போதும் இப்படித்தான்.'

'அவனை அடி.'

'பாவம், விட்டுவிடு.'

அந்த 'பாவம்' சுருக்கென்று தைத்தது. அன்று தன் முதுகுக்குப் பின்னால் டெலிடைப் இதைத் தடதடவென்று காகிதத்தில் அடித்துத் தள்ள, நாலு பேர் குனிந்து படித்துச் சிரித்திருப்பார்கள். அறுபத்தேழு வயதில், யாருமில்லாத வீட்டில் அவருக்குக் காது மடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கெயில் அரிசோனாவிலிருந்து வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"கோட்டு போட்டவன்லாம் நீதானாடா? அந்தக் காலத்துல ஊரே கார்டுராய் போட்டுச்சு."

"முட்டை சாண்ட்விச் வச்சிருக்கான், கெயில்."

"கடிச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்ப நீதான்," என்றாள்.

பதினாறு நாட்கள் ஆட்டத்தின் அந்த அறையிலேயே நின்றார். விளக்கைக் கொடுத்துப் பார்த்தார். மாடியிலிருந்து காப்பி எடுத்துவந்து கொடுத்தார். பொறியின் மின்கம்பியைப் பிடுங்கினார், நெருப்பு என்று கத்தினார், ஒரு நாள் தன் பெயரையே தட்டினார். அவன் நிமிரவில்லை. காலையில் ரொட்டி வாட்டும்போதும் குளிக்கும்போதும் அதே யோசனை. பூதங்களையும் பாம்புகளையும் வழியிலிருந்து விலக்கியவருக்கு, ஒரு மனிதனை நாற்காலியிலிருந்து எழுப்பத் தெரியவில்லை. அவனுக்கு என்னதான் வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகம் பதில் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான் என்பது பன்னிரண்டாம் நாள் உறைத்தது. அன்று கணினியைத் திறக்காமல் நாள் முழுக்க அலமாரியை ஒழுங்குபடுத்தினார்.

பதினேழாம் நாள் மத்தியானம், முதன்முறையாகத் துப்புக் கேட்கப் போனார். பழைய மாணவர் பட்டியலில் எம்.டி. ஒருத்திதான். மார்னி டுஃப்ரேன். விஸ்கான்சினில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆரஞ்சுத் தோல் வாசம் வந்தது. செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்குக் கணினி அறைக்கு வருவாள். இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பாள். அந்த மூன்று மணிக்காகத்தான் அவர் அந்தப் படிப்புப் பருவம் முழுக்க, வேலை முடிந்த பிறகும் அந்த நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

பட்டியலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். ஐந்தாவது முறை மணி அடித்ததும் எடுத்தாள்.

"எதையாவது விக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுறேன், ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டேன்."

"விக்கலைங்க. நீங்க காலேஜ்ல ஒரு விளையாட்டு எழுதினீங்க. கணினி அறையில ஒருத்தன் கதவை மறைச்சு உக்காந்திருப்பான். அவனை எப்படி எழுப்புறது?"

"அட கடவுளே! அது இன்னும் இருக்கா? நீங்க யாரு?"

"லைல் ஹாக்கன்சன்."

அவள் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐயோ," என்றாள். அப்புறம், "அது உன்னைக் கேலி பண்ண எழுதினதில்லை. சரி, கொஞ்சம் கேலியும் இருந்துச்சு. சின்னப் பொண்ணு நான்."

"பரவாயில்ல. விடை மட்டும் சொல்லுங்க."

"விடை கிடையாது லைல்."

"மறந்துட்டீங்களா?"

"எழுதவே இல்ல. அந்தக் கதவுக்குப் பின்னால அறையும் கிடையாது. நீ எதுக்கு நிமிர்ந்து பாப்பேன்னு எனக்குத் தெரிஞ்சாதானே எழுதுறது? தெரிஞ்சதும் எழுதிக்கலாம்னு வச்சிருந்தேன். அப்புறம் செமஸ்டர் முடிஞ்சுபோச்சு."

லைல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதினாறு நாள் வெட்கம் எங்கோ வடிந்து, அந்த இடத்தில் அதைவிட ஆழமாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அந்த சாண்ட்விச்," என்று அவள் மெதுவாகக் கேட்டாள், "ஏன் எப்பவும் சாப்பிடாமலே வச்சிருப்ப?"

"மெல்லுற சத்தம் உனக்குக் கேக்கும்னு."

"அந்த மிஷின் போடுற சத்தத்துலயா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் அவள் குரல் மாறியிருந்தது. "பாப் இருந்தவரைக்கும் இதெல்லாம் ஞாபகமே வரல. என் புருஷன். அவன் போயி மூணு வருஷமாச்சு. சரி, இப்பவாவது சொல்லு. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். ஆரஞ்சுச் சுளை ஒன்று நீட்டியிருக்கலாம். நேரம் என்ன என்று கேட்டிருக்கலாம். அதற்கெல்லாம் அவர் நிமிர்ந்திருப்பாரா என்று அவராலேயே சத்தியம் செய்ய முடியவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வாய்வரை வந்து திரும்பிப் போயின.

"லைல்? இருக்கியா?"

"இருக்கேன்."

அப்போது வெளியே கனமான சங்கொலி நீளமாகவும் குட்டையாகவும் மாறி மாறிக் கிளம்பி ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைத்தது.

"அது என்ன சத்தம்?"

"கப்பல். ஐஸ் உடைஞ்சு இந்த வருஷத்துக்கு முதல் கப்பல் வருது. பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கூப்பிடுது." அவர் எழுந்திருந்தார். "இரு, வச்சிடாதே. பாலத்துலேர்ந்து பதில் சங்கு வரும்."

ஜன்னல் தாழ்ப்பாள் பனிக்காலம் முழுக்கத் திறக்காமல் இறுகிக் கிடந்தது. உள்ளங்கையால் இரண்டு முறை குத்தித் திறந்தார். ஏரிக் காற்று மேசைமேல் இருந்த காகிதங்களை அள்ளிக்கொண்டு போனது. இடுப்புவரை வெளியே சாய்ந்து, போனைத் துறைமுகத்தின் பக்கமாகக் கை எட்டும் மட்டும் நீட்டினார். கீழே, உடைந்த பனிக்கட்டிகளுக்கு நடுவே நீளமான அந்தக் கறுப்புக் கப்பல் வேகம் குறைந்து வந்துகொண்டிருந்தது. பாலம் இன்னும் அசையவில்லை. விரல்கள் மரத்துப்போயின. அவர் கையை மடக்கவில்லை.

கப்பல் ஒலித்த அதே கணக்கில், நீளமாகவும் குட்டையாகவும், பாலத்தின் சங்கு பதில் ஒலிக்கத் தொடங்கியது.