ஏழு மண்ணெண்ணெய்ப் பெட்டிகள்

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில், நாயாற்றுப் பக்கத்துச் சின்ன அரசாங்க ஆசுபத்திரிக்குள் கடல் இடுப்பளவுக்கு ஏறியது. வெள்ளம் வடிந்தபோது தடுப்பூசி மருந்து வைத்திருந்த, மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் ஓடும் குளிர்ப்பெட்டி குப்புறக் கிடந்தது. உள்ளே முழுக்கச் சேறு.

புதுப்பெட்டி கேட்டுக் கொழும்புக்கு எழுதியவர் ஆசுபத்திரிக் கிளாக்கர் யோகநாதன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமும் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாக்கப்படாதவர். மாசியில் பதில் வந்தது. புயலடித்த ஆசுபத்திரிகளுக்கெல்லாம் மொத்தமாக மின்சாரக் குளிர்ப்பெட்டி வாங்கியாயிற்றாம், அதில் ஒன்று இங்கேயும் வருகிறதாம். அந்தப் பக்கத்தில் ஒரு மின்கம்பம்கூடக் கிடையாது.

அதைச் சொல்லி இரண்டு தரம் எழுதினார். முதலில் பொறுப்பெடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால் பெட்டி கிடைத்ததாகவே கணக்கு. பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லொறி வந்து நின்ற அன்று யோகநாதன் பற்றுச்சீட்டில் எழுதினார்: "இங்கு மின்சாரம் இல்லை. ஏற்க முடியாது." லொறி பெட்டியோடு திரும்பிப் போனது. வேலை போய்விடும் என்றே அவர் நினைத்தார்.

பங்குனியில் மேலதிகாரி செல்வநாயகம் நேரிலேயே வந்தார். அரசாங்கப் பொருளைத் திருப்பி அனுப்ப ஒரு கிளாக்கருக்கு என்ன அதிகாரம் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நேர்ஸ் றோஸ்மேரி அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, ஒருக்கா வந்து பார்க்கும்படி கேட்டு, கடற்கரையில் இருந்த, மீன்பிடி முதலாளி மத்தேயு சம்மாட்டியின் மீன்வாடிக்குக் கூட்டிப்போனா. அங்கே ஐஸ் பெட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டு, பாரை மீன்களுக்கடியிலிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்தா. அதற்குள் பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்து.

"எத்தினை நாளா இப்பிடி?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"மூண்டு மாசமா ஐயா. ஐஸ் லொறி வராத நாளில மருந்தைக் கொட்டிப்போடுறன்."

அவர் பேணியை வாங்கித் திறந்து பார்த்தார். கோபம் இறங்கியிருந்தது. இப்படி வேறு ஆசுபத்திரிகளும் இருக்கின்றனவா என்று கேட்டார். கூடவே வந்திருந்த யோகநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வன்னியில் தெரிந்த கிளாக்கர்மார் எல்லாருக்கும் அவர் கடிதம் போட்டு விசாரித்திருந்தார். மின்சாரம் இல்லாமலே மின்சாரப் பெட்டி ஒதுக்கப்பட்ட இடங்கள், இதோடு ஏழு.

"ஏழுக்கும் மாத்துவம்," என்றார் செல்வநாயகம். தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "உம்மட வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

சித்திரைக் கடைசியில் ஏழு இடங்களுக்கும் மண்ணெண்ணெய்ப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. மணலில் லொறி புதையவே, மத்தேயுவும் ஆட்களும் கம்பு கட்டி, வலையிழுக்கும்போது பாடும் அம்பாவைப் பாடிக்கொண்டு இந்த ஆசுபத்திரிக்கான பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். சரிவில்லாமல் நிற்கிறதா என்று யோகநாதன் மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். றோஸ்மேரி திரியைப் பற்றவைத்தா. சுவாலை முதலில் மஞ்சளாகப் புகைந்து, பிறகு நீலமாக நின்றது.

அடுத்த நாள் காலை தட்டில் ஐஸ் கட்டியிருந்தது. மத்தேயு ஒரு துண்டை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக்காட்ட, வாசலில் நின்ற சனம் கைதட்டியது.

அந்தக் கிழமைக்குள்ளேயே றோஸ்மேரி ஊசி போடும் நாள் குறித்தா. நாயாற்றிலிருந்து தாய்மார் வள்ளத்திலும் மாட்டுவண்டியிலும் வந்தார்கள். பெயர் பதிய உட்கார்ந்த யோகநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. நூற்றுப்பதின்மூன்று பிள்ளைகள். அத்தனை பேரின் அழுகைச் சத்தமும் அன்றைக்கு அவருக்கு இனிமையாகவே கேட்டது.