டேய்க்குப் பதில் ஒரு சொல்

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் வெல்டரும் மைக்ரோவும் ஜோடி. அரை மில்லி பிசகைக்கூடக் கண்ணாலேயே சொல்லிவிடுவதால் வந்த பட்டப்பெயர் மைக்ரோ. வெல்டர் சங்கிலியை இழுத்து இரும்புத் தகட்டைத் தூக்குவார். மைக்ரோ கீழே நின்று அதை இடத்தில் உட்கார வைப்பாள். தகடு திரும்பினால் வெல்டர் "டேய்!" என்று ஒரு கத்து கத்துவார். மெஷின் இரைச்சலில் அதுதான் சைகை. கேட்டதும் ரெண்டடி பின்னால் போய்விட வேண்டும்.

எட்டு மாத விடுப்பு முடிந்து, காதில் சின்னக் கம்மலும் அதே காக்கிச் சட்டையுமாக, பெண்ணாகத் திரும்பி வந்திருந்தாள் மைக்ரோ. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு வாரம் பாப்போம். ஏதாவது சிக்கல்னா ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டு எடுத்துக் குடு."

மைக்ரோவுக்கு அது கையை வெட்டிப் போடுவது மாதிரி. வெல்டருக்குத் தெரியும்.

வேறொன்றும் தெரியும். கை கழுவும் இடத்துக் கண்ணாடியை அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விடுப்பில் போகுமுன் காரணம் சொன்னாள்: "அதுல எவனோ ஒருத்தன் என் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான்ண்ணே. தினமும் அவனுக்குத்தான் ஷேவ் பண்ணி விடுறேன்." வெல்டருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பாரத்தோடு நின்றுகொண்டா இத்தனை வருஷம் ஒரு தகடுகூடக் கோணாமல் வைத்தாள்? நினைத்தால் மலைப்பாக இருந்தது. தனக்கு ஒரு பல்வலி வந்தாலே வேலை ஓடாது.

அதனால் அவள் திரும்பி வருமுன்பே, டேய் சொல்லாமலிருக்க வீட்டில் ஒரு மாதம் பழகினார். வாய் தவறி டேய் வந்தால் டீ கிடையாது என்பது மனைவியின் சட்டம். ரொம்ப நாள் டீ இல்லாமலே போனது.

அவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் தகடு திரும்பியது. வெல்டர் வாயைத் திறந்தார். 'டே' வரைக்கும் வந்ததை முழுங்கினார். வேறு சொல் வரவில்லை. தகட்டின் முனை மைக்ரோவின் தோளை உரசி, அருகிலிருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலை அப்பளமாக நசுக்கியது.

"ஏண்ணே கத்தல?"

"டேய்னு வந்துருமோன்னு..."

"நல்லா இருக்கே! மரியாதையா சாவடிக்கப் பாத்தீங்களா?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இதுக்குத்தான் சொன்னேன். கெளம்பு ஸ்டோருக்கு."

மைக்ரோ கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். வெல்டருக்குப் பொறுக்கவில்லை.

"சார், அவ நின்ன இடம் சரி. என் வாய்தான் அடைச்சுப் போச்சு. அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

"நீ போனா வெல்டிங் யாரு பண்றது?"

"அப்போ இன்னொரு தகடு ஏத்துறோம். நின்னு பாருங்க."

மைக்ரோ கையுறையை மறுபடி மாட்டினாள். உரசிய தோளைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, என்ன வேணா கத்துங்க. ஆனா கத்துங்க."

தகடு ஏறியது. பாதி உயரத்தில் சங்கிலி முறுக்கிக்கொண்டது. தகடு சட்டென்று சுழன்றது. வெல்டர் யோசிக்கவே இல்லை.

"அடியேய்ய்! தள்ளுடி!"

மைக்ரோ ரெண்டடி பின்னால் போனாள். தகடு அவள் நின்ற இடத்தை வீசிக் கடந்து அடங்கியது. அவள் ஒற்றை விரலால் அதை நிறுத்தி, கோட்டின் மேல் உட்கார வைத்தாள். சூப்பர்வைசர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மீதித் தகட்டையும் சாயங்காலத்துக்குள்ள ஏத்திடுங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெல்டருக்குக் காது வரை சூடேறியது. "தப்பா எடுத்துக்காதம்மா. வீட்டுல அவளக் கூப்புட்டுக் கூப்புட்டு..."

"அண்ணிகிட்ட சொல்லிராதீங்க, அவங்க 'அடியேய்'ய எனக்குப் பங்கு போட்டுட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்க" என்றாள் மைக்ரோ. சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவப் போனவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்து, கம்மலைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.