மஞ்சுளாவின் குரலில் க்ளாரா டென்பி

சம்பந்தி அம்மாளை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பது அம்மா தங்கமணியின் உத்தரவு. அதனால் மஞ்சுளா சமையற்கட்டில் நின்று, ஊறிய தேயிலையில் வறுத்த பருப்பும் பூண்டும் தக்காளியும் போட்டு பர்மியர் பாணியில் லக்பெட் பிசைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் அம்மாவும் மஞ்சுளாவின் வருங்கால மாமியார் தைலம்மாளும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை தட்டு வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கூடத்திலிருந்து மஞ்சுளாவின் குரல் கேட்டது.

"அன்று முதலாளி அவளைத் தன் அறைக்கு அழைத்தார். க்ளாரா போனாள். மறுநாள் காலையில் அவள் கதாநாயகி."

அதன்பின் ஒரு சிரிப்பு. ரகசியம் சொல்லிவிட்டுச் சிரிக்கிற மாதிரி, குழைந்த சிரிப்பு.

சமையற்கட்டில் நின்றவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெயும் தேயிலையும் ஒட்டிய விரல்களோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தைலம்மாள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்திருந்தாள்.

"என்னமாப் பேசியிருக்கே மஞ்சு. கடைசியில ஒரு சிரிப்புச் சிரிச்சே பாரு, எங்க மாடியில நாலு வீட்டுலயும் அதைத்தான் திருப்பித் திருப்பி வச்சுக் கேக்குறாங்க. இவளா இப்பிடின்னு."

"நான் இதைப் பேசலை அத்தை."

"போடி, வெக்கத்தைப் பாரு," என்று தைலம்மாள் லக்பெட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுரேந்திரன் தைலம்மாளின் ஒரே மகன். பழைய சினிமாக்களின் கதையையும் நடிகர்களின் வாழ்க்கையையும் சொல்லும் யூடியூப் சேனல் நடத்தினான். ஓராண்டாக அதற்கு எழுதுவதும் குரல் கொடுப்பதும் மஞ்சுளாதான். பகலில் டியூஷன் நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் அவன் வீட்டு மரப் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவாள். வெளிச்சத்தம் நுழையாதபடி அவன் அவள் தலைக்கு மேல் மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். கை கடுக்கும். மாற்றிப் பிடிப்பான். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குத் தலையாட்டினாள்.

அதிலும் கரண்ட் இருக்கும்போது மட்டும்தான் வேலை நடக்கும். கரண்ட் போனதுமே கீழ்க்கடைக்காரர்கள் நடைபாதையில் ஜெனரேட்டரை இழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு யாரும் எதையும் பேச முடியாது. நாலு மணி நேரம் கழித்து, "மீ லாபி" என்று தெருப் பிள்ளைகள் கரண்ட் வந்ததைக் கூவிச் சொல்லும்போது, ஆறாவது மாடியில் இவர்கள் இருவரும் பீரோவை நோக்கி ஓடுவார்கள். ஒரு வீடியோவுக்கு மூன்று வாரம் பிடிக்கும்.

க்ளாரா டென்பியின் கதையை எழுத மஞ்சுளாவுக்கு ஒன்றரை மாதம் ஆனது. நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்க நடிகை. சலவைக்காரியின் மகள். ஆறு வயதில் நாடக மேடையில் பையன் வேஷம் கட்டினாள். ஊர் ஊராக ரயிலில் போகும் கம்பெனியில் துணிப்பெட்டிகளுக்கு நடுவே தூங்கி வளர்ந்தாள். பேசாத படங்கள் வந்தபோது, நாடகக்காரர்கள் அதை இழிவாக நினைத்த காலத்தில், கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோவுக்குத் துணிந்து போனாள். குதிரையோடு ஆற்றில் குதித்தாள். பெரிய விளக்குகளின் சூட்டில் கண் வெந்து, உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். மறுநாள் மறுபடி விளக்கு முன்னால் நிற்பாள். ஒருநாள் ஸ்டுடியோ முதலாளி அறைக்கு வரச் சொன்னான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். அத்தோடு பெரிய படங்கள் போயின. அதற்கப்புறம் இன்னொரு ஊரில் பதினெட்டு சின்னப் படங்கள். கடைசியில் தொப்பி தைக்கும் கடை.

ரயிலேறிய இடத்தை மஞ்சுளா ஐந்து முறை திருத்தி எழுதியிருந்தாள். சுரேந்திரன் அந்த இடத்தைத்தான் புரட்டிப் போட்டிருந்தான்.

மறுநாள் மாலை பபேடான் பகுதியில் அவன் வீட்டு மாடிப்படியில் ஏறினாள். சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல் காய்ந்து செம்மண்ணாய் வழிந்திருந்தது. எத்தனையோ நாள் ஏறியிருக்கிறாள், அதைக் கண்டதே இல்லை. இன்றைக்குச் சேலை படாமல் ஒதுங்கி ஒதுங்கி ஏறினாள்.

சுரேந்திரன் கதவைத் திறந்தான். கன்னத்தில் குன்யா, வெற்றிலைச் சுருளை, அடக்கியிருந்தான். மூலையில் இருந்த பிளாஸ்டிக் பையில் துப்பிவிட்டு, உதட்டோரம் சிவப்பு ஒழுகச் சிரித்தான்.

"வா மஞ்சு. நாப்பதாயிரம் பேர் பாத்தாச்சு. தெரியுமா?"

"கோ சுரேன்," என்று வழக்கம்போல மரியாதையாகவே அழைத்தாள். "அது நான் பேசினது இல்ல."

"உன் குரல்தானே."

"எப்பிடி வந்துச்சு?"

அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்கவேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. "பிப்ரவரியில மைக் டெஸ்ட் பண்ணோமே, ரெண்டு மணி நேரம். அதைக் குடுத்தா மிஷின் கத்துக்கிடும். கரண்ட் இல்ல, நீ டியூஷன்ல இருக்கே, நான் என்ன பண்ணட்டும்? இனிமே நீ பீரோவுக்குள்ள கஷ்டப்படவே வேணாம். எழுதிக் குடு, போதும்."

மைக் டெஸ்ட் அவளுக்கு நினைவு வந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ், இருமல் மருந்துச் சீட்டு, த்வாண்டே போகும் படகு நேரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கச் சொன்னான். தொண்டை கட்டும்வரை வாசித்தாள். நடுவில் அவன்தான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் அவ போகலைன்னு எழுதினேன். நீ போனான்னு மாத்திட்டே."

"போகலைன்னு சொன்னா யாரு பாப்பா? ரயிலேறிப் போயி தொப்பி தைச்சாளாம். நல்ல கதை." அவன் இன்னொரு முறை துப்பினான். "செத்து எழுபது வருஷமாச்சு மஞ்சு. அவளா வந்து உன்னைக் கேக்கப் போறா?"

"நான் உயிரோடதானே இருக்கேன்."

"உனக்கென்ன? உன்னையவா சொன்னாங்க?"

"அந்தச் சிரிப்பு எங்க எடுத்தே?"

முதல் முறையாக அவன் பார்வையை விலக்கினான். பிறகு கண்ணைச் சிமிட்டினான். "நீ எனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல. திஞ்சான் அன்னைக்கு. மிஷினுக்குச் சிரிக்க வரலை, அதான்."

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்து வீடு திரும்பி, தலை துவட்டிக்கொண்டே அவனுக்கு அனுப்பியது. அவன் பஸ் கண்டக்டர் மாதிரிப் பேசி அனுப்பியிருந்தான், அதற்குச் சிரித்தாள். அவனுக்காக மட்டும் சிரித்தது. அதை எடுத்து, துடைத்து, ஒரு பெண்ணைக் கேவலப்படுத்திய வாக்கியத்தின் வாலில் ஒட்டியிருக்கிறான். நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். மஞ்சுளா பையில் தேங்கியிருந்த சிவப்பு எச்சிலையும் அவன் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வாயா என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"எடுத்துரு. நான் பேசலைன்னும் போட்டுரு."

"சரி சரி. மூஞ்சியைத் தூக்காதே. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துர்றேன்."

வெள்ளிக்கிழமை வீடியோ அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் வந்திருந்தது. க்ளாராவின் மற்ற "ரகசியங்கள்". எல்லாம் மஞ்சுளாவின் குரலில். சிரிப்பு மூன்று இடங்களில் இருந்தது. ஒரே சிரிப்பு, மூன்று முறை.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

தங்கமணி முதுகைத் தடவிவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். "யாரோ ஒரு வெள்ளைக்காரிக்காகவாடி? ஆம்பளை பொழைக்க ஏதோ பண்ணுது. குடிக்குதா, அடிக்குதா? அஞ்சு வீட்டுக்குச் சொல்லியாச்சு மஞ்சு."

"எனக்குக் குமட்டுதும்மா."

"எலுமிச்சம்பழம் மோந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தட்டுகள் ஒன்பது. மஞ்சுளா தலை குனிந்து அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். எதிரே சுரேந்திரன் புதுப் பட்டு லுங்கியில், வாயைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த பாட்டன்மார் காலத்திலிருந்து இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுமுன் மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறை, "பெண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்பார்கள். பெண் வாய் திறக்க மாட்டாள். அவளுக்காகத் தாய்மாமன் மூன்று முறையும் "சம்மதம்" என்பார். தைலம்மாளுக்குக் கணவர் இல்லாததால், கேட்கிற பொறுப்பையும் தாய்மாமன் மாரிச்சாமியே ஏற்றுக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; எதையும் முறையாகச் செய்ய வேண்டும் அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு மஞ்சுளாவுக்கு இந்தச் சம்பந்தம் சம்மதமா?" என்று தானே கேட்டுவிட்டு, பதிலையும் சொல்ல வாயெடுத்தார்.

"மாமா, நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பெண் என்று நினைத்திருப்பார்கள்.

"எனக்குச் சம்மதம் இல்ல."

தங்கமணி அவள் தொடையைக் கிள்ளினாள். தைலம்மாள், "என்னடி இது, விளையாட்டா?" என்றாள்.

"இல்ல அத்தை. நீங்க கேட்டீங்களே, அந்த வீடியோ. ஒரு வார்த்தைகூட நான் பேசலை. என் குரலை மிஷின்ல போட்டுப் பேச வச்சிருக்காரு. அந்தப் பொண்ணு போகலை. போகலைன்னுதான் நான் எழுதினேன். எடுக்கச் சொன்னேன், சரின்னுட்டு இன்னொண்ணு போட்டிருக்காரு."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"அது இவருக்கு நான் தனியா அனுப்பினது."

தைலம்மாள் மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள். நாலு வீட்டில் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கழுத்துவரை சிவந்துபோனாள்.

"அம்மா, இது டெக்னாலஜி. எல்லாரும் பண்றாங்க," என்றான் சுரேந்திரன். "மஞ்சு, எந்திரி, வெளியில போயி பேசுவோம்."

"இங்கயே பேசுங்க," என்றார் மாரிச்சாமி. "மூணு தரம் கேக்கணும்ல. இன்னும் ரெண்டு இருக்கு."

அவர் பாயில் நகர்ந்து மஞ்சுளாவுக்கு நேராக உட்கார்ந்தார். இந்த முறை ஊருக்குக் கேட்கிற குரலில் கேட்கவில்லை.

"சம்மதமாம்மா?"

"இல்ல மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சம்மதமா?"

"இவரு பக்கத்துல உக்காந்தாலே அருவருப்பா இருக்கு மாமா."

மாரிச்சாமி தலையசைத்தார். "மூணு ஆச்சு," என்றார். "தட்டை எடுத்துக்குங்க தைலம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தைலம்மாள் எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். சுரேந்திரன் கைப்பேசியை நோண்டிக்கொண்டே படியிறங்கினான். பாதிப் படியில், "வேற குரல் கிடைக்காதா என்ன?" என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

உறவுக்காரர்கள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் கிளம்பினார்கள். கரண்ட் போனது, கீழே ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. தங்கமணி மீந்த சோற்றைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"ரயிலேறிப் போனாளே, அவ அப்புறம் என்னதான் ஆனா?"

மஞ்சுளா சொல்ல வாய் திறந்தாள். "அவ..." என்றதுமே தன் குரல் தன் காதில் விழுந்தது. அந்த வீடியோவின் குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். வாய்க்குள் யாரோ கைவிட்டு எடுத்ததுபோல அருவருத்தது. எழுந்துபோய்த் தொட்டியில் வாயைக் கொப்பளித்தாள். இரண்டு முறை, மூன்று முறை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

அம்மா பின்னாலேயே வந்து துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மெதுவாச் சொல்லு. நான் எங்க போறேன்."

மஞ்சுளா துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் சொல்ல வரவில்லை.